கல்லூரி நூலகத்தில் ஆவணப்படத் தொகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்துக் கல்லூரி நூலகர்கள் எங்கே கூடினாலும், எங்கள் துறைப் பேராசிரியர்கள் மேசைக்கு வந்தாலும், ஆவணப்படம் என்றவுடன் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ஆவணப்படம்னு எதையெல்லாம் சேர்ப்பீங்க? டிவி செய்தித் தொகுப்பும் அதுல வருமா?

உண்மை மனிதர்களையும் நடப்பையும் வைத்து, ஒரு பார்வையோடு தொகுத்து முடித்த படம் எதுவானாலும் வரும். ஐந்து நிமிடமா இரண்டு மணி நேரமா என்பது பொருட்டில்லை. கஜா புயல் பற்றி அரை மணி நேரச் சிறப்புத் தொகுப்பு என்றால் சேர்க்கலாம். அன்றாடச் செய்தித் துணுக்கு வேண்டாம். விரிவுரைப் பதிவுகளுக்கும் செய்முறை விளக்கப் படங்களுக்கும் தனி வரிசை வைத்துக்கொள்ளுங்கள். கலந்து வைத்தால் தேடுகிறவருக்குத்தான் சிரமம்.

எல்லாமே யூடியூப்ல கிடைக்குதே மேடம், நூலகம் எதுக்குத் தனியா வாங்கி வைக்கணும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். யூடியூபில் இன்று இருக்கும் படம் நாளை இருக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. ஏற்றியவர் நீக்கிவிடலாம், உரிமைப் புகாரில் போகலாம், கணக்கே முடங்கலாம். பாடத்திட்டத்தில் இணைப்பைக் கொடுத்துவிட்டு அடுத்த பருவத்தில் திறந்தால் வெறும் கறுப்புத் திரை. புத்தகமாக இருந்தால் அலமாரியில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் பாடம் நடத்துவோம் இல்லையா, அந்த நம்பிக்கையைப் படத்துக்கும் கொடுப்பது நூலகத்தின் வேலை.

பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியாரின் கதையை இதற்காகவே எல்லோரிடமும் சொல்வேன். உலகமெங்கும் அலைந்து காட்சிகளைத் திரட்டி அவர் தொகுத்த காந்தி படம் 1940-ல் தமிழில் வெளியானது. அந்தத் தமிழ் வடிவத்தைக் காப்பாற்ற நம்மால் முடியவில்லை. 1953-ல் அமெரிக்காவில் வந்த ஆங்கில வடிவம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அங்கிருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில்தான் கிடைத்தது. ஒரு நூலகம் எடுத்து வைத்ததால் ஒரு வடிவமாவது பிழைத்தது.

எங்க கல்லூரியில ஒண்ணுமே கிடையாது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பாடத்திட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஒவ்வொரு துறைக்கும் போய், எந்த அலகுக்குப் படம் இருந்தால் உதவும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். "நல்ல படமா நாலு வாங்குங்க" என்று சொல்கிறவரிடம் அலகு எண்ணைக் கேட்டால் பேச்சு உருப்படியாகிவிடும். வகுப்பில் ஓடாத படம் பீரோவில்தான் இருக்கும்.

இரண்டாவது, நம் மண். வேறு ஊர்க் கல்லூரிகள் உலகப் படங்களை வாங்கிக்கொள்ளும். குறுவை சம்பா தாளடி, மேட்டூர் ஜூன் 12-ல் திறக்குமா என்ற கவலை, சுவாமிமலைச் சிற்பிகளின் மெழுகு வார்ப்பு, மெலட்டூர் பாகவத மேளா, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம், நெல் ஜெயராமன் மீட்ட பாரம்பரிய நெல், 2004 சுனாமி, 2018 கஜா: இவற்றைப் பற்றிய படங்களை நாம் சேர்க்காவிட்டால் வேறு எந்த நூலகம் சேர்க்கும்? சத்யஜித் ரே 1976-ல் எடுத்த 'பாலா'கூட நம் பக்கத்துப் படம்தான். தஞ்சை அரசவை இசை, நடன மரபில் வந்த பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றியது அது. தொகுப்பில் பாதியாவது டெல்டாவைப் பற்றி இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

காசில்லாம கிடைக்கிற படங்கள் இருக்கா?

நிறையவே இருக்கின்றன. மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் 1948-ல் தொடங்கியது. தியேட்டரில் படத்துக்கு முன் ஓடிய நியூஸ்ரீல்கள் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2022-ல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்எஃப்டிசி) இணைக்கப்பட்டது. அவர்கள் படங்களில் பல இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. யுஜிசியின் கீழ் 1993-ல் உருவான கல்விப்படக் கூட்டமைப்பான சிஇசி, உயர்கல்விக்கென்றே பல துறைகளில் படங்கள் எடுத்து வைத்திருக்கிறது. சென்னை, மதுரை, புதுச்சேரி ஊடக ஆய்வு மையங்கள் எடுத்தவையும் அதில் சேர்த்தி.

ஒன்றைக் கவனியுங்கள். இலவசமாகப் பார்ப்பது வேறு, இலவசமாகப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது வேறு. பார்க்க மட்டும் கிடைப்பவற்றுக்கு உங்கள் பட்டியலில் இணைப்போடு ஒரு பதிவு போடுங்கள். பருவத்துக்கு ஒருமுறை இணைப்புகள் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். நிரந்தரப் பிரதி வேண்டுமானால் அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

தமிழ் ஆவணப்படம் கடையில எங்கேயும் விக்கிறதில்லையே. எப்படி வாங்குறது?

எடுத்தவரிடமே கேளுங்கள். தமிழில் ஆவணப்படம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் சொந்தக் காசிலும் நண்பர்கள் காசிலும் எடுக்கிறார்கள். கல்லூரியிலிருந்து "உங்கள் படத்தை எங்கள் நூலகத்தில் வைக்க விரும்புகிறோம், தொகை எவ்வளவு?" என்று முறையாக ஒரு கடிதம் போனால் மகிழ்ந்து பதில் போடுவார்கள். இலவசமாகக் கொடுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். ஆயிரக்கணக்கில் நூலுக்குச் செலவழிக்கும் நாம், வருடக் கணக்கில் உழைத்து எடுத்த படத்தை ஓசியில் கேட்பது முறையல்ல.

கடிதத்தில் ஐந்து விஷயங்கள் தெளிவாக இருக்கட்டும்: வளாகத்துக்குள் திரையிடும் உரிமை, வளாக சர்வரில் வைத்து மாணவர்கள் பார்க்கும் உரிமை, பாதுகாப்புக்காக வேறு வடிவத்துக்கு மாற்றும் உரிமை, ஊர் மக்களுக்குக் கட்டணமில்லாமல் காட்டும் உரிமை, இவையெல்லாம் எத்தனை ஆண்டுக்கு என்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே "சம்மதம் / இல்லை" என்று கட்டம் போட்டு அனுப்பினால் பத்து நிமிடத்தில் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நான் கீழே சொல்லப்போகும் சிக்கல்களில் முக்கால்வாசி இந்த ஒரு தாளில் தீர்ந்துவிடும். படம் தொலைந்தாலும் மறுபடி வாங்கலாம். இந்தத் தாளைத் தொலைக்காதீர்கள்.

இயக்குநர் கையெழுத்துப் போட்டா போதுமா?

அவரே தயாரிப்பாளர் என்றால் போதும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் ஆசிரியர் என்பவர் தயாரிப்பாளர். ஓர் அறக்கட்டளையோ தொலைக்காட்சியோ அரசு நிறுவனமோ காசு போட்டு எடுத்த படத்துக்கு இயக்குநர் நல்ல மனதோடு "எடுத்துக்கோங்க" என்றாலும் அது செல்லாமல் போகலாம். படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலை நிறுத்திப் படித்து, தயாரிப்பு யார் என்று குறித்துக்கொண்ட பிறகு கடிதம் எழுதுங்கள்.

வீட்டுக்கு வாங்கினா ஒரு விலை, கல்லூரின்னு சொன்னா பல மடங்கு கேக்கறாங்க. இது அநியாயம் இல்லையா?

நீங்கள் வாங்குவது டிவிடித் தகட்டை மட்டுமல்ல என்பதால்தான் அந்த வித்தியாசம். நிறுவன விலையில் பெரும்பாலும் திரையிடும் உரிமையும், சில சமயம் சர்வரில் வைக்கும் உரிமையும் அடங்கும். அடங்கியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மேலே சொன்ன ஐந்தில் எதுவுமே இல்லாமல் விலை மட்டும் கூடுதல் என்றால் பேரம் பேசலாம், தப்பில்லை.

ஆடிட்ல மூணு கொட்டேஷன் எங்கேன்னு கேப்பாங்களே?

உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கும் பொருளுக்கு மூன்று விலைப்புள்ளி வாங்க வழியே இல்லை. "இந்தப் படத்தின் உரிமையும் விற்பனையும் என்னிடம் மட்டுமே" என்று உரிமையாளரிடம் ஒரு சான்று, துறைத் தலைவரின் பரிந்துரை, நூலகக் குழுத் தீர்மானம் மூன்றையும் பில்லோடு இணைத்து வையுங்கள். வாங்கும் முன்பே தீர்மானம் போட்டிருக்க வேண்டும். பிறகு போட்டால்தான் கேள்வி வரும். வரவுப் பதிவேட்டிலும் ஒவ்வொரு படத்துக்கும் நூல்போலவே எண் கொடுங்கள்.

வகுப்புல போட்டுக் காட்ட யார்கிட்டயாவது அனுமதி வாங்கணுமா?

வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 52(1)(ஜே) பிரிவு இதற்கு இடம் தருகிறது. கல்வி நிறுவனத்தின் பணியின் பகுதியாக, ஆசிரியர்கள், மாணவர்கள், மாணவர்களின் பெற்றோர் அல்லது பாதுகாவலர், நிறுவனத்தின் பணியோடு தொடர்புடையவர்கள் ஆகியோர் மட்டும் பார்க்கும்படி ஒரு படத்தைத் திரையிட்டால் அது உரிமை மீறல் ஆகாது. காட்டும் பிரதி நேர்மையாக வந்த பிரதியாக இருக்கட்டும். திருட்டுப் பிரதியை வகுப்பில் காட்டிவிட்டு இந்தப் பிரிவைக் காட்டித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஊர்க்காரங்களையும் கூப்பிட்டு ஆடிட்டோரியத்துல போடலாமா? விவசாயப் படம், அவங்க பாக்கணும்ல?

பார்க்கத்தான் வேண்டும். ஆனால் முந்தைய பதிலில் சொன்ன விலக்கு ஊர்ப் பொதுமக்களுக்கு நீளாது. கட்டணம் வாங்கவில்லை என்பதால் மட்டும் அனுமதி கிடைத்துவிடாது. அதற்காகத்தான் கடிதத்தில் நான்காவதாக அந்த உரிமையைக் கேட்கச் சொன்னேன். டெல்டா விவசாயத்தைப் பற்றிப் படம் எடுத்தவர், டெல்டா விவசாயிகள் பார்க்கட்டும் என்றுதான் விரும்புவார். கேட்டால் கொடுப்பார்.

இன்னொன்று: பொதுமக்களுக்குத் திறந்த காட்சி என்றால் 1952-ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டமும் உள்ளே வரும். தணிக்கைச் சான்று பெற்ற படமா என்று பாருங்கள். சுயாதீனப் படங்கள் பலவற்றுக்கு அந்தச் சான்று இருக்காது. அவற்றை மாணவர்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நெட்ஃபிளிக்ஸ்ல இருக்கிற ஆவணப்படத்தை என் அக்கவுன்ட்ல போட்டுக் காட்டலாமா?

2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' முதுமலை யானை முகாமில் எடுத்த, தமிழ் பேசும் படம். அது வந்ததிலிருந்து இந்தக் கேள்வி அதிகம். நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்த ஆவணப்படங்களில் சிலவற்றுக்கு மட்டும், கல்வி நோக்கில் ஒருமுறைக் காட்சிக்கு அனுமதி கொடுக்கிறது. எந்தப் படத்துக்கு என்பதை அவர்கள் தளத்தில் அந்தப் படத்தின் விவரப் பக்கத்தில் பார்க்கலாம். கட்டணம் வாங்கக் கூடாது, விளம்பரத்தில் அவர்கள் சின்னத்தைப் போடக் கூடாது, கணக்கு வைத்திருப்பவரே தன் கணக்கிலிருந்து ஓட்ட வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத படத்துக்குச் சந்தா ஒப்பந்தம் உங்கள் வீட்டுக்குத்தான், கல்லூரிக்கு இல்லை.

நூலகத் தொகுப்பு என்ற கோணத்தில் இந்தப் படங்கள் நம் கைக்குள் வருவதே இல்லை. எவ்வளவு நல்ல படமானாலும், சந்தா நின்றால் படமும் நின்றுவிடும். வருடச் சந்தாவுக்குப் படத் தளங்களை வாங்கும் நூலகங்கள் இதை யோசிக்க வேண்டும். நிதி குறைவாக இருந்தால், சந்தாவைவிட நிரந்தர உரிமையோடு பத்துப் படம் வாங்குவதையே நான் தேர்வேன்.

யூடியூப் படத்தை டவுன்லோட் பண்ணி நம்ம சர்வர்ல ஏத்திட்டா நெட் இல்லாதப்பவும் பாக்கலாமே?

செய்யாதீர்கள். தளத்தின் விதிகளே அதைத் தடுக்கின்றன, உரிமையாளர் சம்மதமும் இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு (பிறர் பயன்படுத்தலாம் என்று உரிமையாளரே முன்கூட்டித் தரும் அனுமதி) ஏற்றிய படங்களுக்கு உரிமையாளர் தடை சொல்ல மாட்டார். அங்கும்கூட ஒரு வரி எழுதிக் கேட்டால் யூடியூபில் இருப்பதைவிடத் தெளிவான மூலக் கோப்பையே அனுப்பிவைப்பார்கள். தன் படத்தை யூடியூபில் இலவசமாகப் போட்ட இயக்குநர் நூலகம் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

பட்டியல் போடறதுக்குப் புத்தகத்துக்குப் பண்ற மாதிரியே பண்ணினா போதாதா?

போதாது. புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டினால் உள்ளே என்ன என்று தெரியும். தகட்டைப் புரட்ட முடியாது. அதனால் பட்டியல் பதிவுதான் அந்தப் புரட்டல் வேலையைச் செய்ய வேண்டும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று விதி எழுதிய எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். படத்துக்கு அந்த விதி இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

கோஹா என்ற நூலக மென்பொருள் வைத்திருப்பவர்கள், மார்க் 21 பட்டியல் படிவத்தில் தலைப்போடு நிறுத்திவிடாதீர்கள். அதில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண் உண்டு. 306-ல் ஓடும் நேரம், 508-ல் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, 511-ல் பேசுபவர்கள், 520-ல் சுருக்கம், 538-ல் எந்தக் கருவியில் ஓடும், 546-ல் மொழியும் துணைத்தலைப்பும், 540-ல் அந்த ஐந்து உரிமைகளில் எவை நம்மிடம் உள்ளன. 540-ஐ நிரப்பிவிட்டால் "இதைப் பொது அரங்கில் போடலாமா" என்று கேட்டு யாரும் பழைய ஃபைலைத் தேட வேண்டாம்.

சுருக்கத்தை உறையிலிருந்து நகல் எடுக்காமல், ஒருவர் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். நாகஸ்வரம் செய்வது பற்றி ஒரு படம் என்று வையுங்கள். "நாகஸ்வரக் கலைஞர்களின் வாழ்வைப் பேசும் உன்னதப் படைப்பு" என்ற உறை வாசகத்தால் யாருக்கும் பயனில்லை. "பழைய ஆச்சா மரத்தைத் தேர்வது, கடைசலில் கடைவது, துளையிடுவது, சீவாளி கட்டுவது தனியாக, பட்டறை உரிமையாளர் கூலி பற்றிப் பேசுகிறார்" என்று நிமிடக் குறிப்போடு எழுதினால் இசை, பொருளியல், தாவரவியல் என மூன்று துறை மாணவர்களும் அந்தப் படத்துக்கு வந்து சேருவார்கள். ஊர்ப் பெயர்களைத் தவறாமல் போடுங்கள். நம் மாணவர்கள் முதலில் தேடுவது தங்கள் ஊர்ப் பெயரைத்தான்.

பழைய விஎச்எஸ் கேசட் ஒரு பீரோ நிறைய கிடக்கு. தூக்கிப் போட்டுடலாமா?

பார்க்காமல் போடாதீர்கள். சந்தையில் விற்ற படத்தின் கேசட் என்றால், அது டிவிடியாகவோ கோப்பாகவோ கிடைக்குமா என்று தேடிவிட்டுக் கழிக்கலாம். கையால் பெயர் எழுதி ஒட்டிய கேசட்டுகளைத் தனியே எடுங்கள். கல்லூரி விழா, வந்துபோன அறிஞர் பேச்சு, யாரோ ஒரு பேராசிரியர் கிராமத்தில் எடுத்த திருவிழா: இவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி இருக்காது.

கேசட்டின் முன்புற மூடியை விரலால் தூக்கி, சன்னல் வெளிச்சத்தில் நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். கறுப்பாக, வழவழப்பாக, மட்டமாக இருந்தால் நல்லது. மாவு தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. அதை எந்தக் காரணத்துக்கும் பிளேயரில் போடாதீர்கள். பூஞ்சை இயந்திரத் தலைக்குப் போய் அடுத்து வரும் நல்ல கேசட்டுக்கும் ஏறும். தனி டப்பாவில் மூடிவைத்து, நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். தவறி மேலே பதிவாகாது.

தள்ளிப்போட நேரமில்லை. விஎச்எஸ் பிளேயர் தயாரித்த கடைசி நிறுவனமும் 2016-ல் நிறுத்திவிட்டது. ஓடுகிற பிளேயர் கையில் இருந்தால் அதைக் கண்போலப் பாருங்கள். மினிடிவி என்ற சின்ன வீடியோ கேமரா நாடாவுக்கும் இதே அவசரம். 2000-களில் நம் பக்கத்துக் கல்யாண வீடியோக்காரர்கள் பெரும்பாலும் அதில்தான் எடுத்தார்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் பழைய ஸ்டுடியோக்களின் அலமாரிகளை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். சுனாமி சமயத்துக் காட்சிகள் யாரிடமாவது இருந்தால், அவற்றுக்கு நாடா காயும்வரைதான் ஆயுள்.

டிஜிட்டலா மாத்தணும்னா எந்த ஃபார்மட்ல மாத்தறது?

இரண்டு கோப்பு வேண்டும். பாதுகாப்புக்கு ஒன்று, பார்ப்பதற்கு ஒன்று. விஎச்எஸ்ஸை 720×576 அளவில், தரம் குறையாமல் சுருக்கும் எஃப்எஃப்வி1 முறையில் எம்கேவி கோப்பாக வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 25 முதல் 45 ஜிபி வரை பிடிக்கும். இடம் அதிகம்தான், மறுபடி அந்த நாடா ஓடாமல் போகலாம் என்பதால் இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. பார்ப்பதற்கு எம்பி4 போதும்.

மினிடிவிக்கு மாற்றமே தேவையில்லை. நாடாவிலேயே டிஜிட்டலாகத்தான் இருக்கிறது. கேமராவையும் கணினியையும் இணைக்கும் ஃபயர்வயர் கம்பி வழியாக அப்படியே இறக்கினால் மணிக்கு 13 ஜிபி. டிவிடியை முழுத் தகட்டுப் படிமமாக, அதாவது தகட்டில் உள்ள எல்லாம் அடங்கிய ஒரே கோப்பாக எடுங்கள், மெனு, துணைத்தலைப்பு எல்லாம் கூடவே வரும்.

சட்டம் அதுக்கு இடம் கொடுக்குதா?

நிறுவனமே எடுத்த கல்லூரிப் பதிவுகளுக்குப் பெரும்பாலும் தடையில்லை. மற்றவர் படங்களைப் பொறுத்தவரை, 2012 திருத்தத்தில் வந்த 52(1)(என்) பிரிவு, வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் டிஜிட்டல் அல்லாத பிரதி இருக்கும்போது பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்கிறது. கல்லூரி நூலகமும் அதில் அடங்கும் என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. டிவிடி ஏற்கெனவே டிஜிட்டல், அதனால் அதற்கு இந்தப் பிரிவு கைகொடுக்காது. தகட்டில் பிரதி எடுக்க முடியாதபடி பூட்டு போட்டிருந்தால், அதை உடைப்பதைத் தடுக்கும் 65ஏ பிரிவு வேறு குறுக்கே வரும். ஆகவே ஐந்து உரிமைக் கடிதத்தின் மூன்றாவது கட்டம்தான் நமக்கு உறுதியான பிடிமானம்.

ஹார்ட் டிஸ்க்ல போட்டாச்சு. இனி கவலை இல்லையே?

ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க் என்றால் கவலை இப்போதுதான் தொடங்குகிறது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில். வேறு கட்டடம் என்று நான் சொல்லவில்லை, வேறு ஊர். கஜா கரையேறிய 2018 நவம்பர் 16-ஐ நினைத்துப் பாருங்கள். ஒரே இரவில் வேதாரண்யத்திலிருந்து புதுக்கோட்டை வரைக்கும் அடித்துப் போட்டது, பல இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நாகப்பட்டினம் கல்லூரியும் திருச்சிக் கல்லூரியும் ஒருவர் பிரதியை ஒருவர் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு செலவில்லாதது.

ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 அல்லது எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடுவது) எடுத்து எழுதிவைத்து, வருடத்துக்கு ஒருமுறை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். எண் மாறியிருந்தால் கோப்பு கெட்டிருக்கிறது. நல்ல பிரதியிலிருந்து மாற்றிவிடலாம்.

டிவிடி, கேசட்டை எங்கே வைக்கிறது? ஏசி ரூம் வேணுமா?

ஏசி இருந்தால் நல்லது, ஆனால் பகலில் போட்டு ராத்திரி நிறுத்துவதைவிட இல்லாமலிருப்பதே மேல். குளிர்ந்து சூடாகும்போது ஈரம் படியும். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கத்துக் காற்றே நனைந்திருக்கும். தரைத்தளம் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். இரும்பு பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடித்தட்டைக் காலியாக விட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் வையுங்கள். நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி வைக்கலாம். தகடுகள் உறையோடு செங்குத்தாக நிற்கட்டும். தகட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்.

எங்க மாணவர்கள் ப்ராஜெக்டுக்கு எடுக்கிற படங்களையும் வைக்கலாமா?

கட்டாயம் வையுங்கள். நாளை இந்தத் தொகுப்பில் வேறெங்கும் கிடைக்காத பகுதி அதுவாகத்தான் இருக்கும். இரண்டு நிபந்தனை மட்டும். படத்தில் பேசும் ஒவ்வொருவரிடமும் தமிழில் எழுதிய சம்மதத் தாள் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, சம்மதத்தைக் கேமரா முன்னாலேயே சொல்லவைக்கலாம். நடவுக்கு வந்த அம்மா தன் கூலியைப் பற்றிப் பேசிய படம் அவர் வேலை செய்யும் பண்ணைக்காரர் கையில் போனால் என்ன ஆகும் என்று மாணவர்களை யோசிக்கவையுங்கள். சில படங்களை வளாகத்துக்குள் மட்டும் என்று நிறுத்திவைப்பதே சரி.

மற்றது பின்னணி இசை. சினிமாப் பாட்டைப் போட்டு எடுத்த படத்தை இணையத்தில் ஏற்ற முடியாது. அந்த ஊர்ப் பறையும் நாகஸ்வரமும் அங்கேயே பதிவானால் படத்துக்கும் அழகு.

கீழ்வெண்மணி, ஹைட்ரோகார்பன் மாதிரி விஷயமுள்ள படம் வச்சா வம்பு வருமோன்னு முதல்வர் தயங்குறார். என்ன பண்றது?

தயக்கம் வரும் முன்பே தேர்வுக் கொள்கை ஒன்றை ஒரு பக்கத்தில் எழுதி நூலகக் குழுவில் தீர்மானமாக்கிவிடுங்கள். "பாடத்தோடும் வட்டாரத்தோடும் தொடர்புள்ள படங்களை, கருத்து வேறுபாடு உள்ள பொருள்களிலும் சேர்ப்போம்; ஒரு படத்தை வைத்திருப்பது அதன் கருத்தை ஏற்பது ஆகாது" என்ற இரண்டு வரி அதில் இருக்கட்டும். பிறகு பேச்சு தனிப்பட்ட விருப்பத்தைப் பற்றி இல்லாமல் கொள்கையைப் பற்றியதாக இருக்கும். வரலாற்றுத் துறை எழுத்தில் கேட்ட படம் என்றால் இன்னும் பலம்.

1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது இந்த மண்ணில்தான். அதைப் பற்றிய பாரதி கிருஷ்ணகுமாரின் 'இராமையாவின் குடிசை'யைப் பார்க்க நம் மாணவர் சென்னைக்குப் போக வேண்டியிருந்தால் நம் நூலகம் எதற்கு? 2020-ல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டமானதற்குப் பின்னால் இருந்த போராட்டங்களும் அப்படித்தான். எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் தரப்புக்கு எடுத்த படங்கள் கிடைத்தால் அவற்றையும் பக்கத்திலேயே வையுங்கள். ஆராய்ச்சி மாணவருக்கு இரண்டும் வேண்டும். வைத்திருப்பதும் பெரிய அரங்கில் திரையிடுவதும் வெவ்வேறு முடிவுகள், முன்னதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வாங்கி வச்சாலும் யாரும் பாக்க வர்றதில்லையே மேடம்?

படம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பருவம் தொடங்கும் வாரம், ஒவ்வொரு பேராசிரியருக்கும் அவர் நடத்தும் தாளுக்குப் பொருந்தும் இரண்டே படங்களை, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் என்ற குறிப்போடு அனுப்புங்கள். ஒரு மணி நேரப் படத்தை 50 நிமிட வகுப்பில் போட முடியாது. எட்டு நிமிடப் பகுதியைப் போடலாம். மேலே பட்டியல் பற்றிச் சொன்ன நிமிடக் குறிப்பு இங்கேதான் பலன் தரும்.

60 வருஷம் ஆன படம் பொதுச்சொத்துதானே, இணையத்துல ஏத்திடலாமா?

வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1960-ல் வெளியான படத்தின் உரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. அரசுப் படத்துக்கும் அதே 60 ஆண்டுதான். ஆனால் படத்தின் உரிமை தீர்ந்தாலும் அதில் உள்ள பாட்டு, எழுத்து ஆகியவற்றின் உரிமை தனியாக ஓடும். அது எழுதியவர் இறந்த பின் 60 ஆண்டுவரை. வர்ணனையும் இசையும் யாருடையவை என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

எடுத்தவர் இறந்துட்டார், குடும்பம் எங்கேன்னு தெரியல. அந்தப் படத்தை என்ன பண்றது?

முதலில் தேடியதற்கு ஆதாரம் சேருங்கள். பழைய முகவரிக்குப் பதிவுத் தபால், படத்தில் பெயர் வரும் ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளரிடம் விசாரணை, திரும்பிவந்த உறை எல்லாம் ஒரு ஃபைலில். பெரும்பாலும் இந்தத் தேடலிலேயே ஒரு மகளோ தம்பியோ கிடைத்துவிடுவார்கள், கூடவே வீட்டில் கிடக்கும் மூலப் பிரதியும்.

கிடைக்கவில்லை என்றால், உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புகளுக்குக் கட்டாய உரிமம் கேட்கச் சட்டத்தின் 31ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. அது வெளியிடுவதற்கு. வகுப்பில் காட்ட அது தேவையே இல்லை, 52(1)(ஜே) போதும். அதுவரைக்கும் கையில் இருக்கும் பிரதியைப் பூஞ்சை ஏறாமல் வைத்திருங்கள். பட்டியலில் 540-ல் "உரிமையாளர் தேடப்படுகிறார்" என்று எழுதி, தேடிய தேதிகளையும் கூடவே போட்டுவிடுங்கள்.